நறுமுகை சொன்ன கடல்

கும்பகோணத்தில் பெயின்ட் கடை வைத்திருந்த சபேசனுக்கு வாய் ஓயாது. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்க வந்தவரிடம் ஏழு நிறத்தையும் விற்று அனுப்புவார். அந்த வாய்க்குத்தான் அவருடைய குரு தையல்நாயகி அம்மை, சனிக்கிழமைதோறும் மௌன விரதம் என்று பூட்டுப் போட்டிருந்தார். குரு வயதில் அவரைவிடச் சின்னவர். ஆனாலும் அவர் சொன்னால் சொன்னதுதான். சபேசன் பிடித்தால் குரங்குப்பிடி.

குடும்பத்தோடு தரங்கம்பாடிக்குப் போக வாய்த்ததும் ஒரு சனிக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்று முந்தின வாரமெல்லாம் சொல்லிப் பார்த்தார். மைத்துனரின் கார் சனிக்கிழமைதான் சும்மா இருந்தது. பிள்ளைகள் இரண்டும் அதுவரை கடலையே பார்த்ததில்லை. "உங்க விரதம் உங்களோட இருக்கட்டும், வண்டியில ஏறுங்க," என்றாள் மனைவி செண்பகம். வாயை இறுக மூடிக்கொண்டு ஏறினார்.

ஐந்து வயது நறுமுகை வழி நெடுக அப்பாவைக் கேள்வியால் துளைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் உதட்டில் விரல் வைத்தார். கடற்கரையிலும் அதே கதைதான். செண்பகம் இரண்டு வயதுச் செழியனின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். சபேசனோ வாய் தவறிவிடக் கூடாதே என்று மனதுக்குள் மந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அவர் சட்டையை விடாமல் இழுத்ததைப் பார்த்துச் செண்பகம்தான், "அப்பா விரதம்டி. அப்பாகிட்ட பேசக் கூடாது," என்றாள்.

நறுமுகை பேசவில்லை. மறுநாள் விடிந்து அவர் "கண்ணு" என்று கூப்பிட்டபோதும் பேசவில்லை. உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு ஓடினாள். அம்மாவிடம் பேச்சு, தம்பியிடம் பேச்சு, பக்கத்து வீட்டு நாயிடம்கூடப் பேச்சு. அப்பாவிடம் மட்டும் இல்லை. விளையாட்டு என்று முதலில் சிரித்தார். பொழுது சாயச் சாயச் சிரிப்பு வரவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றி வந்தார். மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மிட்டாய் வாய்க்குள் போயிற்று, வார்த்தை வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை காலை மகளைக் கூட்டிக்கொண்டு குருவின் வீட்டுக்குப் போனார்.

அம்மை அடுக்களையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். சபேசன் நடந்ததையெல்லாம் சொன்னார். விரதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

"இவ என்கிட்ட பேசணும்மா. அதுக்கு நான் என்ன செய்யணும்?"

அம்மை நறுக்குவதை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பார்த்தார்.

"கடலுக்குப் போனியாமே. எப்படி இருந்துச்சு? நான் பார்த்ததே இல்ல."

சபேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மை பிறந்து வளர்ந்ததே நாகப்பட்டினத்தில். பொய் பேசாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், குழந்தையிடம் இப்படிச் சொல்வானேன்? குறுக்கே பேச வாயெடுத்தார். அம்மை கையமர்த்தினார்.

நறுமுகைக்குப் பாவமாகப் போய்விட்டது. இவ்வளவு பெரியவர், கடலைப் பார்த்ததில்லையாம். கிட்டே போய் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"நான் சும்மாதான் நின்னேன். அலை வந்து என் காலுக்கடியில இருந்த மண்ணை எடுத்துட்டுப் போயிடுச்சு. நான் குட்டையாயிட்டேன்."

"அப்புறம்?"

"தம்பி அலையைப் பாத்து 'போ'ன்னான். அது போயிடுச்சு. 'வராதே'ன்னா மட்டும் கேக்கல."

"அப்படியா?"

"தூரத்துல, கடல் முடியற எடத்துல கோடு போட்டிருக்காங்க. ஒரு கப்பல் அந்தக் கோட்டு மேலயே போச்சு. விழவே இல்ல. அந்தப் பக்கமும் அலை வருமா, அங்கயும் ஒரு பாப்பா நிக்குமான்னு அப்பாகிட்ட கேட்டேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

நறுமுகை உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அவள் குறை சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி காட்டினாள். அதுதான் சபேசனைச் சுட்டது. அந்தக் கேள்வி காதில் விழுந்த நினைவே அவருக்கு இல்லை.

சொல்லி முடித்த நறுமுகை, அம்மையின் விரலில் சுற்றியிருந்த வாழைத்தண்டு நாரைக் கழற்றித் தன் விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

சபேசன் அம்மையின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க பொறந்ததே கடலோரம். பார்த்ததே இல்லன்னு குழந்தைகிட்ட சொல்லலாமா?"

"நான் பார்த்த கடல்ல அந்தப் பக்கம் ஒரு பாப்பா நிக்கல, சபேசன்," என்றார் அம்மை. "நீங்க பக்கத்துலயே நின்னீங்களே. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

சபேசன் மெல்ல நகர்ந்து மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.