பொரியாத அப்பளம்

செங்குன்றூர் அரசர் உத்தமசீலருக்குச் சீட்டுக்கட்டைக் கண்டால் புத்தி ஒரு சாண் கீழே இறங்கிவிடும். அன்று இறங்கிய இறக்கத்தில் தன் சமையல்காரர் தீர்த்தகிரியையே பந்தயம் வைத்துவிட்டார்.

எதிரே அரசியின் அண்ணன், மேலைக்காட்டு மழவராயர். அவர் வைத்தது ஒரு வெள்ளைக் குதிரை. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது கடைசி ஆட்டத்தை வென்றிருப்பவருக்கே பந்தயம் என்று பேச்சு.

கடைசியாக வென்றவர் மழவராயர். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்க வேண்டியவரும் அவரே. கலைத்தார். கலைத்துக்கொண்டே இருந்தார்.

“சீட்டைப் போடுங்கள் மச்சான்,” என்றார் அரசர்.

“கலைக்கிறவன் கையை அவசரப்படுத்துவது மரியாதை இல்லை மச்சான்.” சொல்லும்போதே ஒரு சீட்டு மல்லாந்து விழுந்தது. “அடடா, முகம் தெரிந்துவிட்டதே. முதலிலிருந்து கலைக்கணும்.”

இந்த மரியாதையைக் கண்டுபிடித்தவரே அரசவை விகடர் அம்பலவாணர்தான். போன மாதம் சீட்டுக் கலைத்த அரசரை அவசரப்படுத்திய தளபதியின் வாயை அடைப்பதற்காகச் சொன்னது. சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு சமையலறைக்கு நழுவினார்.

தீர்த்தகிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். “மழவராயர் ஊரில் வைத்தியர் சொல்லி அரண்மனை முழுக்க உப்பே கிடையாதாமே ஐயா?”

“மோரில்கூட இல்லையாம். சரி, சாப்பாட்டு மணியை அடிப்பது யார்?”

“நான்தான். கடைசியாக அப்பளம் பொரித்ததும் அடிப்பேன்.”

“பொரித்தாச்சா?”

“இன்னும் இல்லை.”

“பிறகு ஏனய்யா அழுகிறீர்? வத்தக்குழம்பைத் திறந்து வையும், வாசனை சபைக்கு வரட்டும். நான் இருமும்வரை அப்பளத்தைத் தொடாதீர்.”

வாசனை வந்தது. வெயில் மேற்கே சாய்ந்தது. மணி மட்டும் வரவில்லை. மழவராயரின் வயிறு சபைக்கே கேட்கும்படி உறுமியது.

“சாப்பாடு இன்னுமா ஆகவில்லை?”

“எல்லாம் ஆயிற்று ஐயா. அப்பளம்தான் பாக்கி,” என்றார் அம்பலவாணர். “ஒன்றை எடுத்தார், ஓரத்தில் விரிசல். வைத்துவிட்டார். அடுத்ததைத் தேடுகிறார்.”

“சீக்கிரம் பொரிக்கச் சொல்லும்.”

“பொரிக்கிறவர் கையை அவசரப்படுத்துவது மரியாதை இல்லை ஐயா.”

அரசர் மீசைக்குள் சிரித்தார். மழவராயர் இன்னும் இரண்டு முறை கலைத்தார். மூன்றாம் முறை கலைக்கவில்லை. படபடவென்று சீட்டைப் போட்டார். கண்ணில் குழம்பு நின்றதால் கையில் இருந்ததெல்லாம் தப்பாக விழுந்தது. அரசர் வென்றார்.

அம்பலவாணர் இருமினார். மணி அடித்தது.

இலையில் பாதி காலியான பிறகுதான் மழவராயருக்குச் சந்தேகம் வந்தது. “விகடரே, நான் வென்றிருந்தால் அந்த மணி அடித்திருக்குமா?”

“எப்படி அடிக்கும் ஐயா? நீங்கள் வென்றால் சமையல்காரர் உங்கள் ஆள். எங்கள் மணியை அவர் எதற்கு அடிக்கணும்?”

அரசருக்குச் சிரிப்பில் புரையேறியது. குதிரையைத் தீர்த்தகிரிக்கே கொடுத்துவிட்டு, “விகடரே, உமக்கு என்ன வேண்டும், கேளும்,” என்றார்.

“இனிமேல் ஆளை வைத்து ஆடுவதில்லை என்று ஒரு வாக்கு, மகாராஜா.”

“தந்தேன். தீர்த்தகிரிமேல் அவ்வளவு பாசமா?”

“அடுத்து என்னைத்தான் வைப்பீர்கள். மணியைத் தள்ளிப்போட எனக்கு அப்பளம் பொரிக்கத் தெரியாது.”