சரவிளக்கின் உறை

வயிரவன் செட்டியாருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் ஜமீன்தார் அவருடைய புது வீட்டைப் பார்க்க வருகிறார்.

போன வருஷம் செட்டியார் அரண்மனைக்குப் போயிருந்தபோது, அந்த ஜமீன்தார் இவரை நிற்கவைத்தே பேசி அனுப்பிவிட்டார். ரங்கூனில் தேக்கு விற்றுச் சேர்த்த சொத்தெல்லாம் அன்றைக்குக் கால் தூசிக்குப் பெறவில்லை. அந்த எரிச்சலில்தான் பெல்ஜியம் கண்ணாடி, வெல்வெட் நாற்காலி, ஆளுயரச் சரவிளக்கு என்று கப்பல் கப்பலாக இறக்கி முன்கூடத்தை இழைத்தார். இழைத்த கையோடு எல்லாவற்றையும் வெள்ளை உறை போட்டு மூடியும்விட்டார். தூசி படக்கூடாதாம்.

அந்த நேரம் பார்த்து அவருடைய குரு வந்து நின்றார். செட்டியாரைவிட வயதில் இளையவர். இடுப்பில் ஒரு காவித் துண்டு, அவ்வளவுதான் அவர் சொத்து.

"எதுவரைக்கும் உறையை எடுக்க, ஐயா?" என்று வேலையாள் முத்திருளன் கேட்டான்.

செட்டியாருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அது என்ன கணக்கு?" என்றார் குரு.

"மணியக்காரர் வந்தா பெஞ்சுக்கு மட்டும் எடுப்போம், சாமி. தாசில்தாருக்கு நாற்காலி. கலெக்டர் துரை வந்தப்பக் கண்ணாடி வரைக்கும் எடுத்தோம்."

"சரவிளக்கு?"

"அது நாளைக்குத்தான். மொத தடவையா."

"எனக்கு?"

செட்டியார் தரையைக் காட்டினார். "சாமி தரையிலதானே உக்காருவீக."

குரு சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். செட்டியாரால் உட்கார முடியவில்லை. குட்டி போட்ட பூனையாகக் கூடத்தைச் சுற்றி வந்தார். ஒரு உறையை இழுத்துச் சரிசெய்தார். திரும்பி வந்து அதையே மறுபடி இழுத்தார்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாளைக்கு அவுக என்னையச் சமமா மதிப்பாகளா? இல்ல, என் வீட்டுக்கே வந்து என்னையத் தாழ்த்திட்டுப் போவாகளா?"

குரு எழுந்து பக்கத்து நாற்காலியின் உறையை உருவினார். சிவப்பு வெல்வெட் பளபளத்தது.

"உக்காருங்க."

செட்டியார் பதறிப்போனார். "ஐயையோ, நானா? அழுக்காயிரும், சாமி!"

"ஒருநாளாவது இதுல உக்காந்திருக்கீங்களா?"

"எனக்கு எதுக்கு? உள்ள ரெண்டாங்கட்டுல பாய் கெடக்கு."

"இந்த விளக்கு எரிஞ்சு பாத்திருக்கீங்களா?"

"நல்லா கேட்டீக! எனக்காக யாராச்சும் ஏத்துவாகளா?"

குரு உறையை மறுபடி நாற்காலிக்குப் போட்டார். சுருக்கமில்லாமல் நீவிவிட்டார்.

"அப்ப, உங்களைத் தாழ்த்த ஜமீன்தார் வேற வரணுமா, வயிரவரே?"