பாதிப் புளிச்சோறு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவர் எந்த ஊர், என்ன பேர் என்றெல்லாம் கேட்காதீர்கள், நான் சொல்லப்போவது சோற்றுக் கதை. அந்த ராஜா பட்டுத் திரைக்குப் பின்னால் தனியாகத்தான் சாப்பிடுவார். கண்டவர் முன்னால் உண்பது அரச மரியாதைக்குக் குறைவு என்று பிரதானி வல்லபராயர் ஓதியதன் பேரில் கட்டிய திரை அது. கட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. கடைசி ஒரு வருஷமாக ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வகை வைத்தாலும் நாலு வாய்தான், இலையை மூடிவிடுவார். உடம்பு துரும்பாகிவிட்டது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் சமையற்காரர் குப்பாண்டியைச் சபைக்கு இழுத்துவரச் சொன்னார்.

"நான் இளவரசனாக இருந்தபோது, வேட்டையில் வழி தவறி, மழையில் ஒரு பாறையடியில் புளிச்சோறு உண்டேன். நீ கட்டிக் கொடுத்தது. அதே ருசி எனக்கு வேண்டும். நாளை உச்சிப்பொழுதுக்குள் வராவிட்டால் உன் கட்டைவிரல்கள் இரண்டும் போகும்."

"ஏழு தடவ செஞ்சு பாத்துட்டேன் சாமி! அதே புளி, அதே நல்லெண்ணெய்..." குப்பாண்டி தரையில் விழுந்து அழுதார்.

வல்லபராயர் மெல்லக் கனைத்தார். "விகடகவி உடையாண்டியார் தீராத சிக்கலையும் தீர்ப்பவராயிற்றே. அவரே பொறுப்பேற்கட்டும். தவறினால் அவருடைய விரல்களும் போகட்டும்."

பொறி வைத்துவிட்டார் பாவி! உடையாண்டி யோசித்தார். மறுத்துவிடலாம். ஆனால் தினமும் தனக்குச் சோறு போட்ட குப்பாண்டியின் கைகள் விரலில்லாமல் போவதைப் பார்க்க அவருக்குத் தாளவில்லை.

"ஏற்கிறேன், மன்னா. அன்று உண்டபடியே இருக்க வேண்டுமா?"

"எள்ளளவும் கூடாமல் குறையாமல்."

"உடன் யார் இருந்தார்கள்?"

"மாயழகு என்று ஒரு காவல் வீரன். இருந்தது ஒரே பொட்டலம், ஆளுக்குப் பாதி தின்றோம். அதை விடும், ருசியைக் கவனியும்."

உடையாண்டி அதை விடவில்லை.

மறுநாள் உச்சிவேளை. சபை நடுவே பாக்குமட்டைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார் உடையாண்டி. ராஜா கை வைக்கப் போனபோது, உடையாண்டி சோற்றின் நடுவே விரலால் ஒரு கோடு கிழித்தார்.

"அரசர் உணவில் கை வைத்துவிட்டான்!" என்று பிரதானி துள்ளினார்.

"எள்ளளவும் கூடக் கூடாது என்பது அரசாணை. அன்று மன்னர் உண்டது பாதி. மறு பாதிக்கு உரியவர் இதோ."

வாசலில் நரைத்த மீசையோடு, வேல்கம்பைப் பிடித்தபடி ஒரு ஆள் கூசி நின்றார்.

ராஜா எழுந்துவிட்டார். "மாயழகு! எங்கேயப்பா போயிருந்தாய்?"

"எங்கயும் போவல மகராசா. வடக்கு வாசல்லதான் நிக்கேன். பாக்கணும்னு கேட்டேன். திரை போட்டிருக்கு, போன்னு பிரதானி ஐயா சொல்லிட்டாக."

ராஜா பிரதானியை ஒரு பார்வை பார்த்தார். பிரதானி தரையைப் பார்த்தார்.

ராஜா மாயழகின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். மாயழகு ஒரு வாய் போட்டு மென்றார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

"உப்பெல்லாம் சரியாத்தான் போட்டேன்!" விரல் போகப்போகிற நேரத்திலும் குப்பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அன்றைக்கும் இதையேதான்டா சொன்னாய், மாயழகு!" ராஜா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அப்படியே அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கோடு வரைக்கும் தின்று தீர்த்துவிட்டு, "இன்னும் இருக்கிறதா, குப்பாண்டி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகக் குப்பாண்டி ஒரு வருஷம் காத்திருந்தார். அடுப்பங்கரைக்கு ஓடினார்.

"உடையாண்டி, என்ன வேண்டுமோ கேளும்" என்றார் ராஜா.

"அந்தப் பட்டுத் திரையைக் கொடுங்கள், மன்னா."

அன்றே திரை கழன்றது. உடையாண்டி அதைக் கிழித்துக் குப்பாண்டியிடம் கொடுத்தார். அன்றிலிருந்து ராஜாவோடு நாற்பது பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். குப்பாண்டி கை சுடாமலிருக்க அந்தப் பட்டுத்துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பத்து விரலாலும் சோற்றுப் பானையைத் தூக்கி வந்தார்.