முழப்படியும் சாண்கல்லும்

முன்னொரு காலத்தில் கருங்குன்ற நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் வந்த ஆசை சாயங்காலத்துக்குள் நிறைவேறிவிட வேண்டும் அவருக்கு. ஒருநாள், செங்குத்தாக நிற்கும் முருகன் குன்றுக்குப் படி கட்டச் சொன்னார்.

"படி ஒவ்வொன்றும் சாண் உயரம் இருக்கட்டும் மகாராஜா" என்றார் கல்தச்சர் சாத்தன்.

சபையில் காரிநாயகம் என்று ஒருவர். மந்திரி தத்தனாரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். எங்கே மந்திரி முந்திக்கொள்வாரோ என்று எழுந்தார்.

"சாணா? சிங்கம் ஏறுகிற படியா, பூனை ஏறுகிற படியா? மகாராஜா, காலைத் தூக்குங்கள்!"

ராஜா தூக்கினார். காரிநாயகம் அளந்தார். "முழம்! முழத்துக்கு முழம் கட்டு!"

சாத்தன் மந்திரியின் முகத்தைப் பார்த்தார். தத்தனாருக்குத் தெரியும்: குடமுழுக்கன்று ராஜாவே பால்குடத்தைத் தலையில் சுமந்து ஏற வேண்டும், அது அந்நாட்டு வழக்கம். சும்மா நின்று அளந்த படியில் சுமையோடு ஏற முடியாது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. 'அன்றைக்கு ஊர் பார்க்க மாட்டிக்கொள்ளட்டும் இந்த ஆள்' என்று இருந்துவிட்டார்.

இரண்டு வருஷத்தில் படி முடிந்தது. குடமுழுக்கும் வந்தது.

"மகாராஜா, அளந்த புண்ணியவானே முதலில் ஒரு குடம் சுமந்து காட்டட்டுமே" என்றார் தத்தனார்.

"ஏறுமய்யா!" என்றார் ராஜா.

நாலாவது படியில் காரிநாயகத்தின் முழங்கால் தொப்பையில் முட்டியது. குடம் கவிழ்ந்தது. மீசையில் பால் சொட்டச் சொட்ட உட்கார்ந்துவிட்டார்.

"அபிஷேகம் சாமிக்கய்யா, உமக்கில்லை!" என்றார் ராஜா. ஊரே சிரித்தது. "என் மானம் தப்பியது. இனி என்ன வழி, மந்திரி?"

"படிக்குப் படி நடுவில் ஒரு சாண்கல் வையுங்கள். முழம் இரண்டு சாணாகிவிடும்."

ராஜா குடமுழுக்கைத் தைக்குத் தள்ளிவைத்து, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார்.

அந்த மாலையோடே தத்தனார் அடிவாரத்துக் கொட்டகைக்குச் சாத்தனைத் தேடிப் போனார். அங்கே சாத்தனின் பக்கத்தில் அவர் தம்பி பூதன் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

"என்னப்பா இது?"

"சாண்கல்லை ரெண்டு பேர் தூக்கிடுவோம் சாமி. முழக்கல்லுக்கு எட்டுப் பேர் வேணும். போன மாசியில் ஒண்ணு உருண்டு வந்துடுச்சு" என்றார் சாத்தன். பிறகு மெதுவாக, "அன்னைக்குச் சபையில் உங்க முகத்தைத்தான் பார்த்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு நினைச்சேன்."

தத்தனார் மாலையைக் கழற்றிப் பூதன் மடியில் வைத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு எந்தப் படி சாமி ஏறுவேன்?" என்றான் அவன்.

தைக்குள் சாண்கல் பதித்தார்கள். குழந்தைகூட ஏறியது. நாலாவது படி வந்ததும் ஜனங்கள் காரிநாயகத்தை நினைத்துச் சிரிப்பார்கள். தத்தனார் மட்டும் அந்தப் படிக்குப் போனதே இல்லை. உயிரோடிருந்த வரைக்கும், அடிவாரத்தில் பூதன் பக்கத்தில் நின்றபடியே முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.