பத்தாவது கீறல்

ஒரு காட்டில் ஒரு வழக்கம் இருந்தது, பிள்ளைகளே. யாராவது புதிதாக ஒரு காயையோ கிழங்கையோ கொண்டுவந்து, "இதைத் தின்னலாம்" என்று சொன்னால், உடனே யாரும் வாயைத் திறந்துவிட மாட்டார்கள். முதலில் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும். தின்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், காட்டின் நடுவில் நின்ற மருத மரத்தின் வலப்பக்கம் ஒரு கீறல் போடுவார்கள். ஏதாவது ஆகிவிட்டால் இடப்பக்கம் ஒரு கீறல். கண்டுபிடித்தவரேதான் கீற வேண்டும். இடப்பக்கம் ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. காரணத்தைத் தேடிப் பிடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பத்து வாய்!

வலப்பக்கம் பத்தும் நிரம்பிவிட்டால் காடே மரத்தடியில் கூடும். பெரியாத்தா என்று எல்லோரும் கூப்பிடும் யானை, தன் குட்டிக்குத்தான் அதை முதலில் ஊட்டுவாள். அந்தக் கீறல்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. பிறகு அந்த உணவுக்குக் கண்டுபிடித்தவரின் பெயரையே வைத்துவிடுவார்கள். அணில்காய், மந்திக்கீரை எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தாம்.

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. புல் கருகியது, மான்களுக்கு விலா எலும்பு தெரிந்தது, முயல்கள் மரப்பட்டையைச் சுரண்டின. மண்ணுக்குள் ஒரு கிழங்கு மட்டும் கொழுகொழுவென்று கிடந்தது. அதன் பெயர் நாக்கரிச்சான். பெயரைக் கேட்டாலே தெரிகிறது அல்லவா? கடித்தால் நாக்கு அரிக்கும், தொண்டை வீங்கும். எவ்வளவு பசித்தாலும் யாரும் அதன் பக்கம் போக மாட்டார்கள்.

அங்கே முள்ளாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். பொறுமைசாலி. ஒரு கல்லைப் புரட்டினால், அடியில் கிடந்ததைப் பற்றி மூன்று நாள் யோசிப்பாள். ஒருநாள் ஓடையில் கல்லிடுக்கில் சிக்கிக் கிடந்த நாக்கரிச்சான் ஒன்றைப் பசி தாங்காமல் கடித்துவிட்டாள். கடித்த பிறகுதான் பயம் வந்தது. ஆனால் நாக்கு அரிக்கவில்லை, தொண்டையும் வீங்கவில்லை. அப்படியென்றால் தண்ணீரில் ஊறினால் அரிப்பு போய்விடும் போலிருக்கிறதே என்று அவளுக்குப் பொறி தட்டியது.

அன்றைக்குத் தொடங்கினாள் வேலையை. கிழங்கைத் தோண்டுவாள், வாயில் கவ்விக்கொண்டு ஓடைக்கு நடப்பாள், மூன்று நாள் ஊற வைப்பாள், எடுத்து வந்து ஒருவருக்குக் கொடுப்பாள். ஒரு நடைக்கு ஒரு கிழங்குதான் அவள் வாய்க்குக் கொள்ளும். முயல் தின்றது, மிளா மான் தின்றது, காட்டுப்பன்றி கேட்டு வாங்கித் தின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வலப்பக்கம் ஒன்பது கீறல் விழுவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. முள்ளாயியின் பாதமெல்லாம் வெடித்துப் போயிருந்தது.

பத்தாவது கிழங்கை எடுத்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஓடை வரை நடக்க முடியவில்லை. பாவம், அவளும் என்ன செய்வாள்! பக்கத்திலிருந்த பாறைக்குட்டையிலேயே ஊறப்போட்டாள். எல்லாம் தண்ணீர்தானே என்று நினைத்தாள். மூன்று நாள் கழித்து அதைக் கரடி தொந்தியப்பனிடம் கொடுத்தாள்.

தொந்தியப்பன் நல்ல மனசுக்காரன், சரியான தீனிப் பண்டாரம். கொடுத்ததை இரண்டே கடியில் முடித்தான். கொஞ்ச நேரத்தில் அவன் உதடு பணியாரம் போல உப்பியது. தொண்டை அடைத்துக்கொண்டது. பேச முடியாமல் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிவிட்டுக் குகைக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

முள்ளாயி மரத்தடிக்கு வந்தாள். மரத்தின் இடப்பக்கம் போய் நின்றாள். அங்கே கீறினால் இன்னொரு மாதம், இன்னும் பத்து நடை. அதுவரை பசியோடு இருக்கிறவர்கள் தாங்குவார்களா என்று கவலைப்பட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், முள்ளிக்கிழங்கு என்று தன் பெயர் காடெல்லாம் ஒலிப்பதை அவள் மனசு ஏற்கெனவே கேட்டுப் பழகியிருந்தது. அதை விட்டுவிடவும் மனசு வரவில்லை.

கிளையில் பேச்சி என்ற மைனா உட்கார்ந்திருந்தாள். செய்தி கிடைத்தால் சொல்லாமல் இருக்க முடியாதவள்.

"என்னக்கா யோசனை? கரடி அண்ணன் எதைத் தின்றுதான் வயிற்றைப் பிடிக்காமல் இருந்திருக்கிறார்? அதை ஒரு கணக்கென்று எடுத்துக்கொள்வார்களா? வலப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வா. குட்டிகள் எல்லாம் பசியில் அழுகின்றன."

முள்ளாயி அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். கடைசியில் வலப்பக்கம் கீறிவிட்டாள். அந்தக் கீறல் மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

பேச்சி அடுத்த நொடி பறந்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் காடு முழுக்கச் செய்தி போய்விட்டது. பன்றிகள் தோண்டின, குரங்குகள் சுமந்தன. எங்கே ஊறப்போட்டார்கள், எப்படி ஊறப்போட்டார்கள் என்று போய்ப் பார்க்க முள்ளாயிக்குத் துணிவில்லை. வளைக்குள் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வளை வாசலில் கனமான காலடி கேட்டது. தொந்தியப்பன் ஒரு தேனடையோடு நின்றான். வீக்கம் வடிந்திருந்தது, குரல் மட்டும் கரகரத்தது.

"தங்கச்சி, உனக்காகத்தான் கொண்டுவந்தேன். என் தொண்டையால் உன் வேலை கெட்டுப்போய்விடுமோ என்று பயந்துகொண்டே படுத்திருந்தேன். இன்றைக்குப் போய் மரத்தைப் பார்த்தேன், நீ வலப்பக்கம்தான் கீறியிருக்கிறாய். நீ கீறினால் சரியாகத்தான் இருக்கும். அப்படியென்றால் கிழங்கில் குற்றமில்லை, என் உடம்புதான் சரியில்லை. நாளைக்கு நானும் இன்னொரு தடவை தின்று பார்க்கப்போகிறேன்."

திட்டியிருந்தால்கூட முள்ளாயி தாங்கியிருப்பாள். இவன் தேன் கொண்டுவந்து கொடுக்கிறானே! கண்ணால் கண்டதை, தொண்டையில் பட்டதை, தன்னுடைய கீறலை நம்பித் தூக்கிப் போட்டுவிட்டானே என்று அவளுக்கு நெஞ்சு வெந்தது. தேனடையைத் தொடவே இல்லை.

மறுநாள் காலை மருத மரத்தடியில் நிற்க இடமில்லை. கிழங்கு மலையாகக் குவிந்திருந்தது. மான்கள் குட்டிகளை முன்னால் நிறுத்தியிருந்தன. தொந்தியப்பனும் வரிசையில் நின்றான். பெரியாத்தா ஒரு கிழங்கை எடுத்து, நசுக்கி, தன் குட்டியின் வாயருகே கொண்டுபோனாள். குட்டி ஆவலாக வாயைத் திறந்தது.

"கொடுக்காதீர்கள் பெரியாத்தா" என்று முள்ளாயி குறுக்கே ஓடினாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நேராக மரத்திடம் போனாள். எல்லோர் கண் முன்னாலும் இடப்பக்கம் பல்லை வைத்து ஆழமாக ஒரு கீறு கீறினாள். முட்களெல்லாம் கலகலவென்று நடுங்கின.

"வலப்பக்கம் இருக்கும் பத்தாவது கீறல் பொய். என் கிழங்கைத் தின்று தொந்தி அண்ணனுக்குத் தொண்டை வீங்கியது. எனக்குத் தெரியும். தெரிந்தே மாற்றிக் கீறினேன். அண்ணன் உடம்பில் ஒரு குறையும் இல்லை."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பேச்சி இறகுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். பெரியாத்தா கிழங்கைக் கீழே போட்டாள். கோபப்படவில்லை, ஆனால் குரல் இறங்கிப் போயிருந்தது. முதல் ஒன்பது தடவைக்கும் பத்தாவது தடவைக்கும் என்ன வேறுபாடு, ஒன்றுவிடாமல் சொல் என்றாள்.

முள்ளாயி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதே இடத்துக் கிழங்கு, அதே மூன்று நாள், அதே அளவு. சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள்.

"தண்ணீர்! ஒன்பதையும் ஓடையில் ஊறவைத்தேன். அண்ணனுக்குக் கொடுத்ததை மட்டும் பாறைக்குட்டையில் போட்டேன்."

ஓடுகிற தண்ணீர் அரிப்பைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது, நிற்கிற தண்ணீரில் அது அங்கேயே தங்கிவிடுகிறது போலிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. பிறகுதான் பயந்துகொண்டே கேட்டாள், இந்தக் குவியலை எங்கே ஊறப்போட்டீர்கள் என்று.

குரங்குகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ஓடை தூரம், கிழங்கோ ஏராளம். எல்லாவற்றையும் பாறைக்குட்டையில்தான் போட்டிருந்தார்கள்.

முள்ளாயி, குட்டிக்காக நசுக்கி வைத்த அந்தக் கிழங்கையே எடுத்து ஒரு கடி கடித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் உதடு உப்பியது, நாக்கு தடித்தது, கண்ணில் நீர் கொட்டியது. தாய் மான்கள் குட்டிகளைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டன. பெரியாத்தா தன் குட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் துதிக்கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

இனி இந்தக் காட்டில் தன்னை நம்பி யார் வாயைத் திறப்பார்கள் என்று முள்ளாயி தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தொந்தியப்பன்தான்.

"நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு தொண்டை போயிருக்கும். இந்தக் குட்டிகளுக்கு என்ன ஆகியிருக்கும்?" என்றான். அவனுக்கும் வருத்தம்தான். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "சரி, மறுபடி எப்போது தொடங்குகிறாய்? முதல் வாய் என்னுடையது" என்றான்.

அடுத்த வாய் தன்னுடையது என்று முயல் வந்தது, மிளா வந்தது, ஒவ்வொருவராக வந்து பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். இந்தத் தடவை கிழங்கைச் சுமக்கப் பெரியாத்தா இருந்தாள். பத்தையும் ஒரே நடையில் ஓடைக்குக் கொண்டுபோய்விட்டாள். இன்னொரு மாதம் ஆகும் என்று பயந்து முள்ளாயி பொய் சொன்னாளே, அந்த வேலை நான்கே நாளில் முடிந்தது! கேட்டிருந்தால் அன்றைக்கே உதவியிருப்பார்கள். அவள்தான் கேட்கவில்லை.

புதிதாகப் பத்துக் கீறல் வலப்பக்கம் விழுந்தது. பெரியாத்தாவின் குட்டி முதலில் தின்றது, பிறகு எல்லாக் குட்டிகளும் வயிறு முட்டத் தின்றன. ஓடைத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும் என்று பேச்சி தொண்டை வற்றும்வரை காடு முழுக்கப் பறந்து சொன்னாள்.

பெயர் வைக்கும் நேரம் வந்தது. எல்லோரும் முள்ளாயியைப் பார்த்தார்கள். உதட்டு வீக்கம் வடிந்து, அன்றைக்குத்தான் அவளுக்குப் பேச்சு தெளிவாக வந்தது.

"கரடிக்கிழங்கு என்று வையுங்கள். அண்ணன் தொண்டை வீங்காவிட்டால் இந்தக் கிழங்கைப் பற்றி எனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும்" என்றாள்.

தொந்தியப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாயில் இருந்த கிழங்கை விழுங்கவும் மறந்து நின்றான்.

இன்றைக்கும் அந்தக் காட்டில் பசியோடு வருகிற தாய்மார்கள் மருத மரத்தின் வலப்பக்கம் இருக்கும் கீறல்களை எண்ணுவதற்கு முன்னால், இடப்பக்கம் போய் முள்ளாயி போட்ட அந்த ஒற்றைக் கீறலைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

நீதி: ஆராய்ச்சியில் கண்டதைக் கண்டபடியே சொல்ல வேண்டும், பிடிக்காத விடையை மறைத்தால் நம்பியவர்களுக்கே கேடு வரும்.