இறங்கி வர நேரம் எங்கே?

முன்னொரு காலத்திலே, கேளுங்கள், வேங்கைக்கோட்டை என்று ஒரு ராஜ்ஜியம். கோட்டையிலிருந்து மலையுச்சிக் காவல்சாவடி ஆறு கல் தொலைவு. தினமும் ஓர் ஓட்டக்காரர் மேலே போய் ஓலை வாங்கி வருவார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, மேகாந்தகன் என்கிற மந்திரவாதி வந்து சேரும்வரை.

"ஏற்றத்தில் நாழிகைக்கு ஒரு கல் ஓடுகிறார்கள். இறக்கத்தில் மூன்று கல். கூட்டிப் பாதியாக்கினால் இரண்டு கல். போகவரப் பன்னிரண்டு கல்லுக்கு ஆறு நாழிகை! பிந்தினால் சிலையாவான்!" என்று, நேரம் பார்க்கும் செப்பு வட்டிலுக்கு மந்திரம் போட்டான். கணக்குத் தப்பென்று அவனே ஒப்புக்கொள்ளும்வரை அதற்கு மாற்றே கிடையாது. ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

முதல் நாள் ஓட்டக்காரர் திரும்பி வந்தார். "தாமதம்! தாமதம்! தாமதம்!" என்றது வட்டில். சிலையானார். இரண்டாம் நாள் போனவருக்கும் அதே கதி. மூன்றாம் நாள் போனவன் சடையன், வேம்பாயியின் புருஷன். "தாமதம்! தாமதம்! தாமதம்!"

வேம்பாயி சிலையின் பாதத்தைத் தொட்டாள். அதிலும் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. "சோம்பேறிகள்!" என்று மந்திரவாதி சிரித்தான். அவளுக்கு ஆத்திரம் வந்தது. மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் எட்டாம் நாழிகைக்கு வந்திருக்கிறார்கள். சோம்பேறிகள் இப்படியா வருவார்கள்?

விறுவிறுவென்று மந்திரவாதியின் பின்னாலேயே சபைக்குள் நுழைந்து அவனை மறித்தாள்.

"சாமி, ஒரு கல் ஏற எத்தனை நாழிகை?"

"ஒன்று."

"உச்சிக்கு எத்தனை கல்?"

"ஆறு."

"அப்ப ஏறி முடிக்க?"

"ஆறு நா..." மந்திரவாதியின் வாய் பாதியில் நின்றது.

"ஏறவே ஆறும் தீந்துபோச்சு! இறங்கி வர நேரத்தை எங்கய்யா வச்சே? உச்சியிலேர்ந்து குதிக்கச் சொன்னியா? இறங்க ரெண்டு, ஆக எட்டு. ஏத்தத்துலதான் முக்கால்வாசி நேரமும் போவுது. ரெண்டு வேகத்தையும் சரிபாதியாக் கலந்தா எப்படிய்யா கணக்கு வரும்?"

"பதில் சொல்லும்!" என்று ராஜா அதட்டினார்.

மந்திரவாதிக்கு வியர்த்துக் கொட்டியது. "தப்புத்தான்" என்று முனகினான்.

வட்டில் இரண்டாகப் பிளந்தது. மூன்று சிலைகளுக்கும் மூச்சு வந்தது. மந்திரவாதி தலைதெறிக்க ஓடிப்போனான்.

ராஜா பொற்கிழியை நீட்டினார்.

"அது கிடக்கட்டும், மகாராசா. யோசிக்காமத் தலையாட்டினது நீங்கதான். இவங்க சோம்பேறிங்க இல்லேன்னு தெருத்தெருவா முரசு அடிக்கச் சொல்லுங்க."

ராஜா வெட்கப்பட்டு உத்தரவு போட்டார். இனி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனிக் கணக்கு என்றும் சொன்னார்.

முரசுச் சத்தத்தில்தான் சடையனுக்கு முழு நினைவு வந்தது. அவசரமாக ஓலையை நீட்டி, "ரொம்பப் பிந்திட்டேனா, வேம்பு?" என்றான்.

வேம்பாயிக்கு மறுபடியும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும்தான்.

"யாரு சொன்னா? எட்டு நாழிகைப் பாதைய எட்டே நாழிகையில ஓடி வந்திருக்கீங்க. உக்காருங்க முதல்ல!"