இசக்கிமுத்துவுக்கு ஒரு வாய்

"சாமி, நான் சாவுறதுக்கு ஒரு நாள் முந்தி எம் மவன் செத்துரணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

பேச்சியம்மாள் கேட்டது இதுதான். மடத்தில் உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

சாமிக்கு வயது நாற்பதுகூட இருக்காது. பேச்சியம்மாளுக்கு அறுபத்திரண்டு. அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தான் மகன் இசக்கிமுத்து. முப்பது வயது. மீசை உண்டு, பேச்சு கிடையாது. தானாகச் சாப்பிடவோ உடுத்தவோ வராது. பிறவியிலிருந்தே மூளை வளர்ச்சி அப்படி.

சாமி வாயைத் திறப்பதற்குள் சீடர் கோமதிநாயகம் முந்திக்கொண்டார். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. தாங்குற தாயாப் பாத்துத்தான் கடவுள் இந்த மாதிரிப் பிள்ளையக் குடுக்கான். நீ தெய்வம்."

"இதத்தான் சார் எங்க தெருவுலயும் சொல்லுதாவ. சொல்லிட்டுப் போயிருதாவ."

சாமி கேட்டார். "எதுக்கும்மா இப்போ சாவுப் பேச்சு?"

"வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்ணணும், பத்து நாள் பெட்டுல இருக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு. ரெண்டு தடவ தேதி குடுத்தாரு. ரெண்டு தடவையும் நான் போவல. இவன் என் கையத் தவிர வேற கையில ஒரு பருக்கை வாங்க மாட்டான். நான் அங்க படுத்தா இவன் இங்க பட்டினியில செத்துருவான்."

"வேற யாராவது ஊட்டிப் பாத்தாங்களா?"

அவள் யோசித்தாள்.

"இல்ல. யாரும் கேக்கல. நானும் விடல."

சாமி ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"தெய்வம்னு சொன்னீரே, போய்ச் சோறு கொண்டு வாரும்."

கோமதிநாயகம் ரசஞ்சோறு கொண்டுவந்தார். பக்தியோடு ஓர் உருண்டை உருட்டினார். தொண்டையைக் கனைத்து ஒரு பாட்டும் பாடினார். உருண்டையை இசக்கிமுத்துவின் வாயருகே கொண்டுபோனார்.

பளார்.

மூக்குக்கண்ணாடி தூணருகே போய் விழுந்தது. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அவருக்கு அடித்துத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை. கன்னத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் சொன்னேன்லா," என்றாள் பேச்சியம்மாள். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"நீங்க எப்படி ஊட்டுதீங்க? இவருக்குச் சொல்லிக் குடுங்க," என்றார் சாமி.

"அதுல சொல்லுததுக்கு என்ன இருக்கு? இடது பக்கமா உக்காரணும். சோத்தக் குழையப் பிசையணும். பின்னங்கழுத்துல கைய வச்சுக்கிடணும். முழுங்கினப்புறந்தான் அடுத்த வாய். அவ்வளவுதான்."

ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்டார். தாயும் மகனும் மடத்திலேயே தங்கினார்கள்.

மறுநாள் எழுதியபடியே செய்தார். இசக்கிமுத்து துப்பினான். அதற்கு மறுநாளும் துப்பினான். சட்டை பூராவும் ரசம். ஒவ்வொரு வேளையும் கடைசியில் பேச்சியம்மாள் வந்து ஊட்ட, சமத்தாகச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் கோமதிநாயகம் தட்டைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு விடாமச் செய்யுதேன் சாமி. நடக்கல. பெத்தவ கை வேற, நம்ம கை வேற."

"அவங்க ஊட்டும்போது நீர் எதைப் பாக்கீரு?"

"கையைத்தான்."

"மூஞ்சியப் பாரும்."

பார்த்தார்.

பேச்சியம்மாள் உருண்டையை எடுத்தாள். அது மகன் வாய்க்குப் போகுமுன்னே அவள் வாய் 'ஆ'வென்று திறந்தது. அவன் திறந்தான். அவள் வெறும் வாயை மென்றாள். அவன் மென்றான். அவள் எச்சிலை விழுங்கினாள். அதன் பிறகுதான் அவன் தொண்டை ஏறி இறங்கியது.

"இத நீங்க சொல்லவே இல்லையேம்மா!"

"எத?"

அவளுக்குத் தெரியாது. முப்பது வருஷமாக மூன்று வேளையும் செய்கிறாள், அவளுக்கே தெரியாது.

நான்காம் நாள் சாமி அவளை வெளியே இருக்கச் சொன்னார். அவள் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோமதிநாயகம் இடது பக்கம் உட்கார்ந்தார். இன்று பாட்டு இல்லை. கழுத்தில் கை வைத்தார். உருண்டையை எடுத்துக்கொண்டு, பல்செட் தெரிய வாயைப் பிளந்தார். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாமி ஒரு பார்வை பார்த்தார், அடங்கியது.

இசக்கிமுத்து அந்த வாயையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

திறந்தான்.

அவர் மென்றார், அவனும் மென்றான். அவர் விழுங்கினார், அவனும் விழுங்கினான். ரெண்டாவது வாய். மூன்றாவது வாய். ஹெட்மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்க முடியவில்லை, இரண்டு கைக்கும் வேலை இருந்தது.

பேச்சியம்மாள் உள்ளே ஓடி வந்தாள்.

சாமியைக் கும்பிடப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கும்பிடவில்லை. திருடு போன வீட்டைப் பார்ப்பதுபோல மகனைப் பார்த்தாள்.

"வாங்கிட்டானே," என்றாள். "அடுத்தவன் கையில வாங்கிட்டானே, பாவி!"

அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனதில்ல சாமி. எங்கம்மை செத்ததுக்குக்கூடப் போவல. நான் போயிட்டா இவன் சாப்பிட மாட்டான்னு... முப்பது வருசம் சாமி."

சாமி எழுந்து வந்து, அவள் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்கட்டும் என்று இருந்தார்.

இசக்கிமுத்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கோமதிநாயகத்தைப் பார்த்தான். அவர் அவசரமாக அடுத்த உருண்டையைப் பிசைந்தார்.

பேச்சியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ, நான் செத்துப்போனா?"

"சாப்பிடுவான்," என்றார் சாமி.